மாமியாரின் தாலாட்டைப் பதிவு செய்ய எந்த மைக் வாங்குவது?

கேள்வி: வணக்கம் ஐயா. சிங்கப்பூரில், ஈசூனில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். ஒன்பதாவது மாடி, எம்ஆர்டி ரயில் தடத்தைப் பார்த்த வீடு. என் மாமியாருக்கு 82 வயது. செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர். அந்தக் காலத்துக் கதைகள், அவருடைய அம்மா பாடிய தாலாட்டு, நலுங்குப் பாட்டு, ஒப்பாரி எல்லாம் இன்னும் அவருக்கு மனப்பாடம். பதிவு செய்து வைக்க ஆசைப்படுகிறேன். அப்படியே என் ஏழு வயது மகனுக்கும் அவனுடைய வகுப்புப் பிள்ளைகளுக்கும் தமிழ்க் கதைகளை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கலாம் என்று எண்ணம். கையில் ஐஃபோனும் மடிக்கணினியும் உள்ளன. 300 வெள்ளி வரை செலவழிக்கலாம். ஒரு கடையில் கேட்டதற்குப் பெரிய கண்டென்சர் மைக், ஸ்டாண்டு, சவுண்டு கார்டு, சுவரில் ஒட்டும் ஃபோம் எல்லாம் சேர்ந்த ‘ஸ்டூடியோ செட்’ ஒன்றை 280 வெள்ளிக்குக் காட்டினார்கள். வாங்கலாமா? ஃபோனில் ஒருமுறை பதிவு செய்து பார்த்தேன். அத்தை கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கிறது, ஃபேன் சத்தம் வேறு. வழி சொல்லுங்கள்.
– வாசகி, ஈசூன்

பதில்: வணக்கம். அந்த செட்டை வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் குறை மைக்கில் இல்லை. தூரத்திலும் அறையிலும்தான் இருக்கிறது. அந்த இரண்டையும் கவனிக்காமல் விலை கூடிய மைக்கைக் கொண்டுவந்து வைத்தால், கிணற்றுக் குரலும் ஃபேன் சத்தமும் இன்னும் துல்லியமாகப் பதிவாகும், அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமான ஒன்று. அத்தைக்கு 82 வயது. சாமான் எல்லாம் வந்து சேரட்டும், அறையைத் தயார் செய்துகொண்டு அப்புறம் தொடங்கலாம் என்று தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமையே, இருக்கிற ஃபோனிலேயே முதல் பதிவைச் செய்துவிடுங்கள். கீழே சொல்வதைச் செய்தாலே போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் பெரிய வித்தியாசம் தெரியும். வாங்க வேண்டியதை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.

முதலில் தூரம். ஃபோனை எங்கே வைத்தீர்கள் என்று எழுதவில்லை. பெரும்பாலும் சாப்பாட்டு மேசையில், உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்திருப்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் வைப்பார்கள். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியாகக் குறைந்தால் குரல் சுமார் 6 டெசிபெல் கூடும். ஒரு மீட்டர் தள்ளி இருந்த ஃபோனை 20 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் சுமார் 14 டெசிபெல் கூடுதல். ஃபேன் சத்தமும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் அதே அளவில்தான் இருக்கும். அதாவது, ஒரு காசு செலவில்லாமல் சத்தத்துக்கு மேலே குரல் எழுந்து நிற்கும். எந்த மைக்கை மாற்றினாலும் இவ்வளவு பெரிய முன்னேற்றம் கிடைக்காது.

ஐஃபோனின் கீழ்முனையில், சார்ஜ் செய்யும் துளைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு ஓட்டைகளில்தான் மைக் இருக்கிறது. அந்த முனை அத்தையின் வாயைப் பார்க்கும்படி, ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். மேசையில் நான்கைந்து புத்தகங்களை அடுக்கி, மேலே ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் ஃபோனை வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் விரல் தட்டுவது, டம்ளர் வைப்பது எல்லாம் இடிமாதிரி விழும். ஃபோனை ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். செட்டிங்ஸில் வாய்ஸ் மெமோஸ் என்ற இடத்துக்குப் போனால் ஆடியோ குவாலிட்டி என்று இருக்கும். அதை ‘லாஸ்லெஸ்’ என்று மாற்றுங்கள். கோப்பு பெரிதாகும், பரவாயில்லை.

அடுத்தது சத்தம். உங்கள் காது ஃபேன் சத்தத்தை ஒதுக்கிவிட்டு அத்தை சொல்வதை மட்டும் கேட்கப் பழகியிருக்கிறது. மைக்குக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதனால் தொடங்குமுன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஒரு நிமிடம் சும்மா பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். வீட்டில் இத்தனை சத்தமா என்று இருக்கும். ஃபேன், ஏர்கான் இரண்டையும் நிறுத்த வேண்டும். நம் ஊர் வெக்கையில் வயதானவரை ஃபேன் இல்லாமல் உட்கார வைப்பது கஷ்டம் என்று தெரியும். அரைமணி நேரம் முன்னதாகவே ஏர்கானைப் போட்டு அறையை நன்றாகக் குளிரவைத்து, பதிவு தொடங்கும்போது நிறுத்துங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடம் தாங்கும். அப்புறம் நிறுத்தி, அத்தைக்குத் தண்ணீர் கொடுத்து, மறுபடி குளிரவையுங்கள். 82 வயதில் ஒரே மூச்சில் அதற்கு மேல் பேச வைப்பதும் நல்லதில்லை.

கூடத்தில் உட்கார்ந்தால் சமையலறை ஃபிரிட்ஜின் உறுமல் கேட்கும். அதையும் கொஞ்ச நேரம் நிறுத்தலாம். ஆனால் மறுபடி போட மறந்துவிட்டால் மீனும் பாலும் வீணாகும். படப்பிடிப்புகளில் ஒலிப்பதிவாளர்கள் செய்கிற ஒரு வேலை உண்டு. ஃபிரிட்ஜை நிறுத்தும்போதே வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிடுவார்கள். கிளம்பும்போது சாவியைத் தேடுவோம், ஃபிரிட்ஜ் ஞாபகம் வந்துவிடும். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

வெளிச் சத்தத்தை நம்மால் நிறுத்த முடியாது. நேரத்தைப் பார்த்து உட்காரத்தான் முடியும். வீவக வீடுகளில் ஞாயிறும் பொது விடுமுறை நாள்களும் புதுப்பிப்பு வேலைக்கு அனுமதி இல்லாத நாள்கள். உடைப்பது, துளையிடுவது போன்ற பெருஞ்சத்த வேலைகளுக்கு வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. அதனால் ஞாயிற்றுக்கிழமை நல்லது. விடியற்காலை அமைதியாக இருக்கும் என்று நினைத்து ஐந்தரைக்கு எழுந்துவிடாதீர்கள். குயில் அந்த நேரத்தில்தான் கத்த ஆரம்பிக்கும். அதன் கூவலும் மனிதக் குரலும் ஒரே சுருதி எல்லைக்குள் வருவதால் பிறகு பிரித்தெடுக்கவே முடியாது. மாலையில் மரத்தில் வந்தடையும் மைனாக் கூட்டமும் அப்படித்தான். மழைக்காலப் பிற்பகல்களில் இடி. என் கணக்கில் ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் உட்காருவது உத்தமம். காலையில்தான் வயதானவர்களின் குரலும் ஞாபகமும் தெளிவாக இருக்கும். சாப்பிட்ட பிறகு கண் சொருகும்.

எம்ஆர்டிக்கு என்ன செய்வது? ஈசூன் பக்கம் வடக்கு தெற்குத் தடம் மேம்பாலத்தில் போவதால் ஒன்பதாவது மாடி வரை சத்தம் நன்றாகவே வரும். தடத்தைப் பார்த்த அறையை விட்டுவிட்டு எதிர்ப்பக்க அறைக்குப் போங்கள். சன்னல்களை மூடுங்கள். ரயில் சத்தத்தின் பெரும்பகுதி கீழ்சுருதியில் இருக்கும். அதைப் பிறகு கணினியில் ஓரளவு வெட்டலாம். செம்பவாங் விமானத் தளத்திலிருந்து வரும் ஹெலிகாப்டரை அப்படி வெட்ட முடியாது. அது கடந்து போகும் வரை பேச்சை நிறுத்திவைத்து, விட்ட வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடி சொல்லச் சொல்லுங்கள். ஆனால் அத்தை மனம் உருகி எதையாவது சொல்லிக்கொண்டிருந்தால் குறுக்கிடாதீர்கள். ஹெலிகாப்டரோடு சேர்ந்தே இருக்கட்டும். இரண்டாவது தடவை சொல்லும்போது வார்த்தை வரும், அந்தக் குரல் வராது.

இப்போது அந்தக் கிணற்றுச் சத்தத்துக்கு வருவோம். நம் வீடுகளில் தரை முழுக்க டைல்ஸ், சுவர் வெறும் சிமெண்டு, சன்னலில் கண்ணாடி. குரல் இவற்றில் எல்லாம் பட்டுப் பட்டுத் திரும்பி மைக்கில் விழுகிறது. கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று ஒரு சிறு வால் கேட்கும். அப்புறம் படுக்கையறையில் அலமாரிக் கதவுகளைத் திறந்துவைத்துவிட்டுத் தட்டுங்கள். மெத்தை, தலையணை, திரைச்சீலை, தொங்கும் புடவைகள் எல்லாம் சேர்ந்து அந்த வாலை விழுங்கிவிடும். அதுதான் உங்கள் ஒலிப்பதிவு அறை.

இன்னும் கொஞ்சம் மெருகேற்ற வேண்டுமானால், ஒரு தடித்த கம்ஃபர்ட்டரைத் துணி உலர்த்தும் ஸ்டாண்டில் போட்டு, பேசுபவருக்குப் பின்னால் நிறுத்துங்கள். நிறையப் பேர் அதை மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுகிறார்கள். மேசையில் நிறுத்தி வாசிக்கும் வகை மைக்குகள் பெரும்பாலும் முன்பக்கம்தான் நன்றாகக் கேட்கும், பின்பக்கம் குறைவாகக் கேட்கும். மைக்கின் முகம் பேசுபவரை நோக்கி இருப்பதால், அவருக்குப் பின்னாலிருக்கும் சுவரிலிருந்து திரும்பும் ஒலிதான் நேராக அதற்குள் போகும். அடக்க வேண்டியது அந்தச் சுவரை. அதே காரணத்தால், சத்தம் வரும் சன்னலை மைக்கின் முதுகுப்பக்கம் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் காட்டிய ஃபோம் பற்றி: மெல்லிய ஃபோம் மேல்சுருதி எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும். வெளிச் சத்தத்தை அது தடுக்காது. எம்ஆர்டியோ மாடி வீட்டில் நாற்காலி இழுப்பதோ அப்படியேதான் கேட்கும். முட்டை அட்டைகளுக்கும் அந்தச் சக்தி இல்லை. சுவரும் பெயிண்டும் பாழாவதுதான் மிச்சம்.

‘பாம் ஷெல்டர்’ எனப்படும் வீட்டுப் பாதுகாப்பறையைப் பதிவறையாக்கலாமா என்று பல வாசகர்கள் கேட்கிறார்கள். உங்கள் புளோக் 1990களின் கடைசிக்குப் பிறகு கட்டியதென்றால் உங்கள் வீட்டிலும் அது இருக்கும். தடித்த கான்கிரீட்டும் இரும்புக் கதவுமாக இருப்பதால் வெளிச் சத்தம் நன்றாகக் குறையும். ஆனால் உள்ளே அந்த வெறும் சுவர்கள் உங்கள் கூடத்தைவிட மோசமாக எதிரொலிக்கும், சின்ன அறை என்பதால் குரல் டப்பாவுக்குள் பேசுவதாக ஆகிவிடும். மெத்தை, துணிமூட்டை, கம்பளி என்று மூன்று பக்கமும் அடைத்தால் நீங்கள் தனியாக உட்கார்ந்து கதை வாசிக்கப் பயன்படும். சுவரை உடைக்கக் கூடாது, கதவையோ காற்றுத் துளைகளையோ மாற்றக் கூடாது என்பது விதி. அத்தையை அங்கே உட்கார வைக்காதீர்கள். காற்றோட்டம் இல்லாத இடத்தில் அந்த வயதில் மூச்சு முட்டும், மனமும் திறக்காது.

சரி, என்ன வாங்குவது? அத்தைக்கும் உங்களுக்கும் தேவை வேறு வேறு.

அத்தைக்கு, உடையில் குத்தும் கம்பி வைத்த சிறு மைக் போதும். முகத்துக்கு எதிரே பெரிய மைக்கை நிறுத்தினால் வீட்டுப் பெரியவர்கள் பேச்சையே மாற்றிக்கொள்வார்கள். திடீரென்று மேடைத் தமிழ் வரும், பழைய வட்டாரச் சொற்கள் ஓடி ஒளிந்துகொள்ளும். உடையில் ஒரு சின்னப் பொட்டுபோல இருந்தால் பத்து நிமிடத்தில் அதை மறந்துவிடுவார். போயா பிஒய்-எம்1 என்ற மாடல் முப்பது வெள்ளிக்குள் கிடைக்கும். ஆறு மீட்டர் வயர் இருப்பதால் ஃபோனை அறையின் மறுமூலையில் வைக்கலாம். அதன் வயரில் இருக்கும் பெட்டியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஃபோனுக்கு அதை ‘ஆஃப் / ஸ்மார்ட்ஃபோன்’ பக்கம் வைக்க வேண்டும். ‘ஆஃப்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்து மறுபக்கம் தள்ளிவிடுபவர்கள் அதிகம். மறுபக்கம் கேமராவுக்கு. உங்கள் ஐஃபோனில் ஹெட்ஃபோன் செருகும் வட்டத் துளை இல்லையென்றால் ஆப்பிளின் அடாப்டர் ஒன்று வேண்டும். பெயர் தெரியாத மலிவு அடாப்டர்கள் பாட்டு கேட்க மட்டும் உதவும், மைக்கை ஃபோனுக்குச் சொல்லாது. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மாட்டும் விதம் முக்கியம். தாடையிலிருந்து ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவில், ரவிக்கையின் விளிம்பில் கிளிப்பைப் போடுங்கள். முந்தானை அதன்மேல் வந்து உரசக் கூடாது. பட்டும் கஞ்சி போட்ட பருத்தியும் சரசரக்கும். பழகிப்போன மெல்லிய பருத்திப் புடவை நல்லது. சங்கிலி போட்டிருந்தால் அது மைக்கில் இடிக்கிறதா என்று ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். இடித்தால் கிளிப்பைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். சங்கிலியைக் கழற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். கண்ணாடி வளையலை மட்டும் கழற்றி வைக்கச் சொல்லலாம். பெரியவர்கள் கதை சொல்லும்போது கையும் பேசும்.

உங்கள் கேள்விகளும் தெளிவாக வேண்டுமானால், கணவரின் ஃபோனில் இன்னொரு மைக்கை மாட்டி நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஃபோனிலும் பதிவைத் தொடங்கிவிட்டு, நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். பிறகு கணினியில் இரண்டு கோப்பிலும் அந்தத் தட்டலின் கூர்முனையை ஒன்றின் நேர் கீழே ஒன்றாக வைத்தால் இரண்டும் சேர்ந்து ஓடும். ஆனால் எனக்கு இது கட்டாயமாகத் தெரியவில்லை. அத்தையின் மைக்கிலேயே உங்கள் குரல் கொஞ்சம் மெலிதாகக் கேட்கும், அது போதும்.

நீங்கள் கதை வாசிப்பதற்கு, பக்கத்தில் இருக்கும் குரலையே அதிகம் பிடிக்கும் டைனமிக் வகை மைக் வாங்குங்கள். கண்டென்சர் வகை நுட்பமானது. அமைதியான கூடத்தில் அது அருமையாக வேலை செய்யும், நம் வீடுகளில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியையும் சேர்த்துப் பிடிக்கும். கடையில் பார்த்த அந்தப் பெரிய மைக்குக்கு 48 வோல்ட் தனி மின்சாரம் வேறு தேவைப்பட்டிருக்கும். அதோடு இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். கண்டென்சரின் மெல்லிய தகட்டில் ஈரம் படிந்தால் பொரிவதுபோல் சத்தம் வரும். கேமரா வைத்திருப்பவர்கள்போல் டிரை கேபினட் வாங்கும் நிலைமை வந்துவிடும். டைனமிக் மைக் இந்த விஷயத்தில் கல்லுப்பிள்ளையார். ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டுவைத்தால் போதும்.

யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் (ஒலிக் கருவிகளில் செருகும் மூன்று முனை இணைப்பு) இரண்டும் உள்ள டைனமிக் மைக்காகப் பாருங்கள். சாம்சன் கியூ2யூ, ஆடியோ-டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் இரண்டும் இந்த வகை. விலை கடைக்குக் கடை மாறும், சுமார் 100 முதல் 150 வெள்ளிக்குள் எதிர்பாருங்கள். இன்றைக்கு யூஎஸ்பி வயரில் நேராக மடிக்கணினியில் செருகலாம், தனி சவுண்டு கார்டு வேண்டாம். நாளைக்கு ஆசை வளர்ந்து ஒரு இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்கினால் அதே மைக்கை எக்ஸ்எல்ஆர் வயரில் அதில் இணைக்கலாம். ஹெட்ஃபோன் துளை மைக்கிலேயே இருப்பதால் உங்கள் குரலைத் தாமதமில்லாமல் கேட்டுக்கொண்டே வாசிக்கலாம். இரண்டு யூஎஸ்பி மைக் வாங்கி இருவர் பேசுவதை ஒரே கணினியில் பதிவு செய்யலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் ஒரு நேரத்தில் ஒரு கருவியிலிருந்துதான் பதிவு செய்யும். அதற்கு இரண்டு மைக் செருகும் இன்டர்ஃபேஸ்தான் வழி.

ஷூர் எஸ்எம்58 வாங்கலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். 1966இலிருந்து மேடைகளில் உழைக்கும் மைக், குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அதற்கு இன்டர்ஃபேஸ் வேண்டும், உங்கள் பட்ஜெட் தாண்டும். கேரோசல் போன்ற இணைய விற்பனைத் தளத்தில் மலிவாகக் கிடைத்தாலும் யோசியுங்கள். உலகத்தில் அதிகமாகப் போலி வரும் மைக்குகளில் அதுவும் ஒன்று.

மிச்சப் பணத்தில் காதை முழுவதும் மூடும், வயர் உள்ள ஹெட்ஃபோன் ஒன்று. ஆடியோ-டெக்னிகா எம்20எக்ஸ் தொடக்கத்துக்குப் போதும், நூறு வெள்ளிக்குள் வரும். புளூடூத் வேண்டாம். குரல் தாமதமாகக் காதுக்கு வந்தால் நாக்கு குழறும், அதன் மைக் வழியாகப் பதிவு செய்தால் தரமும் இறங்கிவிடும். எல்லாம் சேர்த்து 300 வெள்ளிக்குள் முடிந்துவிடும். ஒருவேளை பணம் தட்டினால் அத்தையின் மைக்கையும் ஹெட்ஃபோனையும் முதலில் வாங்குங்கள், உங்கள் மைக் காத்திருக்கலாம்.

பதிவின் அளவு: அத்தை பேசும் மிகப் பலமான இடத்தில்கூட மீட்டர் மைனஸ் 12 டெசிபெலை ஒட்டியே நிற்க வேண்டும், எப்போதாவது மைனஸ் 6 வரை போகலாம். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் கிழியும், அதைப் பிறகு யாராலும் தைக்க முடியாது. மெலிதாக இருந்தால் கூட்டிக்கொள்ளலாம். வாய்ஸ் மெமோஸில் அளவைக் கையால் மாற்ற வழியில்லை. அங்கே மைக்கின் தூரம்தான் உங்கள் திருகு. தாலாட்டு கிசுகிசுப்பாக வரும், ஆடிக்கொண்டே பாடுவார். உடையில் குத்திய மைக் கூடவே ஆடும் என்பதால் அது பாட்டுக்குச் சரியாக இருக்கும். நலுங்குப் பாட்டு எடுப்பாக வரும். ஒப்பாரியின் முதல் வரியே உச்சத்தில் எழும். அதற்கு மட்டும் கிளிப்பை இன்னும் நாலு விரல் கீழே இறக்குங்கள்.

ஒப்பாரியைப் பற்றி ஒரு வார்த்தை. காரியம் நடக்காத வீட்டில் அதைப் பாடக் கூடாது என்று நம் பெரியவர்களில் பலர் நினைப்பார்கள். அத்தை தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். ராகமில்லாமல் வரிகளை மட்டும் சொல்லச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். யார் இறந்தபோது யார் பாடினார், அடுத்த அடி எப்படிப் பிறந்தது என்று கேளுங்கள். அந்த விவரம் பாட்டளவு மதிப்புள்ளது. பதிவை யார் யார் கேட்கலாம் என்றும் அவரிடமே கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் பதிவு செய்துகொள்ளுங்கள். குடும்பக் குழுவில் போடலாம், ஒப்பாரி மட்டும் வேண்டாம் என்பார். அப்படியே செய்யுங்கள்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, இடம், யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்று உங்கள் குரலில் சொல்லுங்கள். பிறகு அரை நிமிடம் யாரும் அசையாமல் அறையின் வெறும் ஒலியைப் பதிவு செய்யுங்கள். சத்தம் நீக்கும்போது அதுதான் உதவும். அத்தை பேசும்போது ‘ம்ம்’, ‘ஆமாம்’ என்று நாம் கொட்டுவது அவர் குரலின்மேல் விழும், தலையை மட்டும் ஆட்டுங்கள். அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வியைப் போடாதீர்கள். நாலைந்து நொடி பொறுத்தால் பெரும்பாலும் அவரே தொடர்வார், அதில்தான் நல்ல விஷயங்கள் வரும். கப்பல்துறையில் வேலை பார்த்தார்களா என்று கேட்டால் ஆமாம் என்பதோடு முடியும். சங்கு ஊதும் நேரத்தில் குடியிருப்பில் என்ன நடக்கும் என்று கேளுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979இலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. அதன் நேர்காணல்களில் பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம், தமிழில் பேசியவர்களும் இருக்கிறார்கள். ஒன்றிரண்டைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தால் கேள்வி கேட்கும் கை வந்துவிடும்.

உங்கள் கதை வாசிப்புக்கு வேலை சுலபம். மைக்கை வாயிலிருந்து ஒரு கைமுட்டி தூரத்தில், உதட்டின் ஓரத்தைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். நேராக வைத்தால் ‘பாப்பா’, ‘பப்பாளி’ என்னும்போது காற்று மைக்கில் மோதி ‘டப்’ என்று விழும். இன்னும் நெருங்கினால் குரல் கனத்து ஒலிக்கும். சிலருக்கு அது பிடிக்கும், பிள்ளைகளுக்கான கதைக்கு அந்தக் கனம் வேண்டாம். தாளைப் புரட்டும் சத்தம் விழாமல் இருக்கக் கணினித் திரையிலோ டேப்லெட்டிலோ வாசியுங்கள். தப்பு வந்தால் நிறுத்தாமல் ஒரு சொடுக்குப் போட்டுவிட்டு வாக்கியத்தை முதலிலிருந்து வாசியுங்கள். திரையில் அந்தச் சொடுக்கு கூரிய கோடாகத் தெரியும், வெட்ட வேண்டிய இடத்தைத் தேட வேண்டியதில்லை. மடிக்கணினி சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில சார்ஜர்கள் அந்தச் சுருதியிலேயே ஒரு ரீங்காரத்தை மைக்குக்குள் அனுப்பும். இன்னொன்று, அச்சில் வந்த கதையை வாசித்து வகுப்புக்கெல்லாம் கொடுப்பதென்றால் எழுத்தாளரிடமோ பதிப்பகத்திடமோ அனுமதி வாங்க வேண்டும். அத்தை சொல்லும் நாட்டுப்புறக் கதைகளை நீங்கள் உங்கள் சொற்களில் சொன்னால் அந்தத் தொல்லை இல்லை, பிள்ளைகளுக்கும் அது புதிதாக இருக்கும்.

திருத்துவதற்கு ஆடாசிட்டி போதும், இலவசம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை ஹை-பாஸ் ஃபில்டரால் வெட்டுங்கள், ரயில் சத்தத்தில் கொஞ்சம் போகும். நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கு அந்த அரை நிமிட வெற்றொலியை மாதிரியாகக் காட்டி, 6லிருந்து 10 டெசிபெல் வரை மட்டும் குறையுங்கள். முழுவதும் துடைக்க நினைத்தால் குரல் தண்ணீருக்குள் போய்விடும். கடைசியில், மொத்த ஒலியளவைச் சீராக்கும் லவுட்னஸ் நார்மலைசேஷனில் மைனஸ் 16 என்று கொடுங்கள், ஃபோனில் கேட்க வசதியான அளவு. அத்தையின் மூச்சையும் இருமலையும் இடைவெளிகளையும் வெட்டாதீர்கள்.

திருத்தாத மூலக் கோப்பைத் தொடவே தொடாதீர்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ வேவ் கோப்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி வரும், இன்றைய டிரைவுகளுக்கு அது பெரிதில்லை. கணினியில் ஒன்று, தனி டிரைவில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று என மூன்று பிரதி இருக்கட்டும். அந்த மூன்றாவது கிளவுடிலோ நாத்தனார் வீட்டிலோ இருக்கலாம். கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், தேதி என்று தொடங்கினால் தானாகவே வரிசையில் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமைப் பதிவிலிருந்து ஒரு நிமிடத்தை எனக்கு அனுப்புங்கள். சத்தம் நீக்காத துண்டாக, அந்த அரை நிமிட வெற்றொலியையும் சேர்த்து அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் குரல் செய்தியாக வேண்டாம், டாக்குமெண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், தரம் குறையாது. மைக்கை எங்கே குத்தினீர்கள், எந்த அறை, சன்னல் எந்தப் பக்கம் என்று இரண்டு வரி எழுதினால், எதை மாற்றலாம் என்று கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.